நாலு நாற்காலி

2024 செப்டம்பர் கடைசியில் ஒரகடத்தில் ஒரு டீக்கடை. டி.வி.யில் சாம்சங் வேலைநிறுத்தம் பற்றி விவாதம். நாலு நாற்காலி, நாலு பேர், ஒரு நெறியாளர். பின்னால் சுங்குவார்சத்திரத்துப் பந்தல், அரை நிமிஷக் காட்சி. முடிந்ததும் மறுபடி அதே. டீக்கடையிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம் அந்தப் பந்தலுக்கு.

இந்த விவாதங்களை ரசனையின் சரிவு என்றே நம்மவர்கள் எழுதுகிறார்கள். நானும் எழுதியவன்தான். இப்போது சந்தேகமாக இருக்கிறது. இந்த உருவத்தை ஊட்டி வளர்த்தது ஆள்குறைப்பு. 2013 ஆகஸ்டில் டி.வி.18 குழுமம் முந்நூறு பேருக்குமேல் வெளியேற்றியது. 2017இல் என்.டி.டி.வி. நிருபர் கையில் செல்போனைக் கொடுத்துக் காமிராக்காரர்களை அனுப்பியது. டிசம்பரில் ஊழியர்களில் 25 சதவீதம் வரை குறைப்பதாக அறிவித்தது. செய்திக்கு வண்டி வேண்டும், டிரைவருக்குப் பேட்டா, இரண்டு ஆள், ஒரு முழு நாள். அபிப்பிராயமோ தானே ஆட்டோ பிடித்து வந்துவிடுகிறது. நள்ளிரவில் மறுஒளிபரப்பும் செய்துகொள்ளலாம்.

உருவம், உள்ளடக்கம் என்று இத்தனை வருஷம் சண்டை போட்டோம். சம்பளப் பட்டியலை யாரும் பார்க்கவில்லை.

சங்கத்தை அங்கீகரிக்கக் கேட்ட அந்த வேலைநிறுத்தம் 37 நாள் நடந்து அக்டோபர் 15இல் முடிந்தது. அத்தனை நாளும் அவர்கள் வீட்டு வாடகைக்கு என்ன செய்தார்கள்? நாலு நாற்காலியில் இந்தக் கேள்விக்கு இடம் கிடையாது.

நம் பத்திரிகைகளையும் புரட்டினேன். அங்கேயும் நாலு பேர், ஒருவரையொருவர் பார்த்தபடி. அன்று நான் ஒரகடம் போனதுகூட மைத்துனருக்கு மனை பார்க்க.