கண்டுபிடித்த பிறகு

ராமானுஜனைப் பற்றி ராபர்ட் கனிகல் 1991இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றை நாம் ஒரே கதையாகச் சுருக்கிவிட்டோம்: இங்க யாருக்கும் புரியலை, 1913இல் கடிதம் போச்சு, கேம்பிரிட்ஜ் கண்டுபிடிச்சுது. கும்பகோணம் பகுதியை நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. 1904இலேயே பள்ளித் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் பரிசளிப்பில், இந்தப் பையனுக்கு முழு மதிப்பெண்ணும் போதாது என்றார். கல்லூரி உதவித்தொகையும் கிடைத்தது. ஆக, கண்டுபிடித்துவிட்டார்கள். கணக்கைத் தவிர மற்றதில் கோட்டைவிட்டதும் அந்தத் தொகை போயிற்று. கனிகல் இதை மறைக்கவில்லை. ஆனால் புத்தகத்தின் வேகம் நம்மைச் சீக்கிரமே கப்பலேற்றிவிடுகிறது.

இன்று, தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயலில் ஒன்பதாவது படிக்கும் பெண் ஊரகத் திறனாய்வுத் தேர்வு எழுதலாம். மாவட்டத்துக்கு 100 பேர், வருடத்துக்கு 1000 ரூபாய். நல்ல வடிகட்டல்தான். தேறிய மறுநாளும் அவள் அதே வகுப்பில் அதே பாடத்தைத்தான் படிப்பாள். பதினாறு வயது ராமானுஜனைப் பற்றவைத்தது ஜி. எஸ். கார் தொகுத்த, சுமார் 5000 தேற்றங்கள் கொண்ட ஓர் இரவல் புத்தகம். இவளுக்கும் அப்படியொரு அடுத்த புத்தகம் வேணும், அதைப் பற்றிப் பேச ஒரு ஆளும் வேணும். நம் திட்டங்களில் அந்த இரண்டுக்கும்தான் இடமில்லை.