பார்த்தால் நிற்குமா அணு?

சிப்காட்டில் வேலை பார்க்கும் தொரப்பள்ளி நண்பர் ஒருவர், ஒரு மனவளப் பயிற்சியாளரின் பேச்சை அனுப்பி, "இதுல அறிவியல் எவ்வளவு இருக்கு?"ன்னு கேட்டிருந்தார். பேசியவர் யார் என்பது இங்கே தேவையில்லை, வாதம்தான் முக்கியம். விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் அணு மாறாமல் நின்றுவிடும், இதைச் சொன்னவர் நம்ம சுதர்சன், சோதனையிலும் நிரூபணமாகிவிட்டது, ஆகவே மனசு நினைத்தால் உலகம் மாறும்.

முதல் மூன்றிலும் உண்மை இருக்கிறது. நாலாவது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.

கோட்டயம் பக்கம் பிறந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்து, பின்னாளில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தவர் இ.சி.ஜி. சுதர்சன். அவரும் பைத்யநாத் மிஸ்ராவும் 1977இல் எழுதிய கட்டுரைதான் இந்த விளைவுக்கு ஜீனோ என்ற கிரேக்கத் தத்துவவாதியின் பெயரை வைத்தது. சிதையக்கூடிய ஒரு துகளை மிகக் குறுகிய இடைவெளிகளில் திரும்பத் திரும்ப அளந்தால் சிதைவு தடைப்படும் என்பது அதன் சாரம். சுதர்சனுக்கு வேதாந்தத்தில் நல்ல ஈடுபாடு உண்டு. ஆனாலும் அந்தக் கட்டுரையில் 'அளத்தல்' என்பது ஒரு கணிதச் செயல் மட்டுமே. சமன்பாட்டில் மனசுக்கென்று ஓர் உறுப்பு கிடையாது.

சோதனைக்கு வருவோம். 1990இல் அமெரிக்காவின் போல்டரில் இட்டானோ, வைன்லேண்ட் குழுவினர் ஏறக்குறைய 5,000 பெரிலியம் அயனிகளைப் பொறியில் பிடித்துவைத்தார்கள். ரேடியோ அலை 256 மில்லி செகண்டில் அவற்றைக் கீழ் நிலையிலிருந்து மேல் நிலைக்கு ஏற்றிவிடும். அந்த நேரத்துக்குள் லேசர் ஒளியைச் சீரான இடைவெளியில் சில தடவை பாய்ச்சினார்கள். அயனி கீழே இருந்தால் ஒளியைச் சிதறடிக்கும், மேலே இருந்தால் சிதறடிக்காது. அதுதான் 'பார்ப்பது'. கணக்குப்படி, முடிவில் ஒரு தடவை மட்டும் பார்த்தால் 100 சதவீதமும் மேலே போகும். 2 தடவை என்றால் 50, 4 தடவை என்றால் 37.5, 64 தடவை என்றால் சுமார் 4. அளந்த எண்களும் இதோடு ஒத்துப்போயின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இடையில் சிதறிய ஒளியை யாரும் எண்ணவில்லை. கடைசி நிலையை மட்டும்தான் எண்ணினார்கள். இடையில் எந்தக் கண்ணும் பார்க்கவில்லை, எந்த மனசும் அறியவில்லை. இருந்தும் அயனிகள் நின்றன.

"கடைசியில் ஒரு மனுஷன்தானே முடிவைப் படித்தான்?"னு கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 4 தடவைக்கும் 64 தடவைக்கும் படித்தவர்கள் அதே ஆட்கள்தான். மாறியது லேசர் பாய்ந்த எண்ணிக்கை. மனசு கடைசியில் எதையோ செய்கிறது என்று வைத்துக்கொண்டாலும் எண்ணில் ஒரு புள்ளிகூட மாறாது.

மனசுக்கு இங்கே பங்கு உண்டு என்று சொன்ன பெரிய விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். 1961இல் யூஜின் விக்னர் அப்படித்தான் வாதிட்டார். பின்னாளில் அவரே அந்த நிலையைக் கைவிட்டார். அவர் முதலில் சொன்னதையே ஏற்றாலும் பயிற்சியாளருக்கு லாபமில்லை. விக்னரின் மனம் பல சாத்தியங்களை ஒன்றாக முடித்துவைக்கும், அவ்வளவுதான். எது வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்காது. நிகழ்தகவைத் தீர்மானிப்பது சமன்பாடு. ஆசைக்கு அதில் இடமில்லை.

அளத்தலின் புதிர் முழுசாகத் தீர்ந்துவிட்டதா? இல்லை. பல சாத்தியங்களில் நமக்கு ஏன் ஒன்று மட்டும் கிடைக்கிறது என்பதில் இன்றைக்கும் இயற்பியலாளர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. திறந்திருக்கும் கேள்வியைத் தீர்ந்துபோன விடையாக விற்பதுதான் அந்தப் பேச்சின் குறை.

இதை வெறும் கருத்துப் பிழை என்று விட்டுவிட முடியாது. "நினைத்தால் நடக்கும்" என்பதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு: நடக்கலைன்னா நீ சரியா நினைக்கலை. கான்ட்ராக்டில் வேலை பார்த்து, பெர்மனன்ட் ஆகாமல் நிற்கிற ஒருத்தரிடம் இதைச் சொன்னால், பழி முழுக்க அவர் தலையில் விழும். அதற்கு சுதர்சனைச் சாட்சிக்கு இழுப்பது அவருக்கும் அநியாயம், கேட்கிறவருக்கும் அநியாயம்.