பத்திரம் வளர்த்த சந்தேகம்: க்ளைஸ்ட்டின் முதல் நாடகம்

ஹைன்ரிஹ் ஃபான் க்ளைஸ்ட்டின் முதல் நாடகம் 'ஷ்ரோஃபென்ஷ்டைன் குடும்பம்'. 1803 என்று ஆண்டு போட்டு, ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. இதைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வாக்கியத்திலேயே ரோமியோ ஜூலியட்டுக்குப் போய்விடுவார்கள். பகைகொண்ட இரண்டு வீடுகள், நடுவில் ஒரு காதல், கடைசியில் இரண்டு பிணங்கள். ஒப்பீடு தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் நாடகத்தின் எலும்பு நம் கைக்குச் சிக்காது. ஷேக்ஸ்பியர் தன் இரு குடும்பங்களுக்கும் ஏன் பகை என்று சொல்வதே இல்லை. க்ளைஸ்ட் சொல்கிறார், அதுவும் முதல் காட்சியிலேயே. காரணம் ஒரு பத்திரம்.

இடைக்கால ஸ்வாபியாவில் ஷ்ரோஃபென்ஷ்டைன் பிரபுக் குடும்பம் கிளைகளாகப் பிரிந்து கிடக்கிறது. ரோசிட்ஸ் கோட்டையில் ரூபர்ட், வார்வாண்ட் கோட்டையில் ஸில்வெஸ்டர். நம் மொழியில் சொன்னால் பங்காளிகள். பங்கு, உறவு இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழி நம்முடையது என்பதால் இந்த நாடகம் நமக்குச் சீக்கிரம் புரியும். இரு வீட்டாருக்கும் இடையே பழைய வாரிசு ஒப்பந்தம் ஒன்று உண்டு. ஒரு கிளை முற்றாக அற்றுப்போனால் அதன் சொத்து முழுவதும் மற்ற கிளைக்குப் போகும். அவ்வளவுதான் ஷரத்து.

இது க்ளைஸ்ட்டின் கற்பனைச் சரக்கு இல்லை. ஜெர்மனியில் 'கிராஃப்' என்ற பட்டத்தோடு சின்னச் சின்ன நிலப்பகுதிகளை ஆண்ட குடும்பங்களுக்கு நிரந்தரமான பயம் ஒன்று இருந்தது. ஆண் வாரிசு இல்லாமல் செத்தால், மானியமாகப் பெற்ற நிலம் அதைக் கொடுத்த மேலதிகாரத்துக்கே திரும்பிப் போய்விடலாம். அதைத் தடுக்க இரு குடும்பங்கள் 'இனி நாம் சகோதரர்கள், யார் வம்சம் முதலில் அற்றாலும் மற்றவர் எடுத்துக்கொள்ளட்டும்' என்று எழுதிக்கொள்ளும். 1373இல் ஹெஸ்ஸென் ஆட்சியாளர்களும் வெட்டின் குடும்பமும் இப்படி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். 1457இல் பிராண்டன்பர்க் அதில் சேர்ந்தது. நோக்கம் சமாதானம்தான். நிலம் சிதறாமல் இருக்கட்டும், வெளியாள் உள்ளே வரவேண்டாம்.

வேறு வழிகளும் இருந்தன. எல்ட்ஸ் குடும்பம் 1268இல் மூன்று கிளைகளாகப் பிரிந்தபோதும் கோட்டையைக் கைவிடவில்லை. ஒரே மதிலுக்குள் தனித்தனி வீடுகள் கட்டி, விதிமுறை வகுத்துக்கொண்டு சேர்ந்து இருந்தார்கள். ரைன் நதிச் சுங்கத்தில் செழித்த காட்ஸெனெல்ன்போகன் குடும்பம் 1260 வாக்கில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளையின் யோஹானுக்கும் மறு கிளையின் அன்னாவுக்கும் நடந்த திருமணத்தால் 1402இல் மறுபடி ஒன்றானது. அவர்கள் மகன் ஃபிலிப்பின் மகன்கள் அவருக்கு முன்பே இறந்தார்கள். 1479இல் அவரும் போனதும், மகள் மணந்துகொண்ட ஹெஸ்ஸென் வீட்டுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது. பிறகு நாஸாவ் குடும்பம் எங்களுக்கும் உரிமை உண்டு என்று கிளம்ப, வழக்கு இழுத்துக்கொண்டே போய் 1557இல் 6,00,000 குல்டன் மதிப்பில் தீர்ந்தது.

ஆக, ஒட்டோகருக்கு ஆக்னெஸைக் கட்டிவைத்தால் முடிந்தது, இதுக்கு எதுக்கு அஞ்சு அங்கம் என்று வரலாறு படித்தவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தத் திருமணத்தை நடக்க முடியாததாக்குவது எது என்பதைத்தான் நாடகம் ஆராய்கிறது என்பது என் வாசிப்பு.

ரூபர்ட்டின் சின்ன மகன் பீட்டர் காட்டில் இறந்து கிடக்கிறான். சுண்டுவிரல் வெட்டப்பட்டிருக்கிறது. அருகே கத்தியோடு வார்வாண்ட் ஆட்கள் இரண்டு பேர். ஒருவனை அங்கேயே கொன்றுவிடுகிறார்கள். இன்னொருவன் சித்திரவதையில் 'ஸில்வெஸ்டர்' என்று ஒரு பெயரை மட்டும் சொல்லிவிட்டுச் சாகிறான். அந்தப் பெயரை எந்த வாக்கியத்தில் வைத்துச் சொன்னான்? யாருக்கும் தெரியாது. ஆனால் வாக்கியம் ஏற்கெனவே எழுதித் தயாராக இருக்கிறது. பத்திரம்தான் அந்த வாக்கியம். பீட்டர் செத்தால் யாருக்கு லாபம் என்ற கேள்விக்குப் பதில் எழுத்தில் இருக்கும்போது, சாட்சி எதற்கு?

க்ளைஸ்ட்டின் கூர்மை இங்கேதான். ரூபர்ட் முரடன், ஆனால் முட்டாள் இல்லை. அவன் சந்தேகத்தில் ஒரு தர்க்கம் இருக்கிறது. ஒரு குழந்தையின் சாவு இன்னொரு வீட்டின் வரவாகக் கணக்கு வைக்கப்பட்டுவிட்டால், அதன்பிறகு எந்தச் சாவும் வெறும் சாவு இல்லை. வார்வாண்டிலும் இதே கதைதான். ஸில்வெஸ்டரின் மனைவி கெர்ட்ரூடே, இறந்துபோன தன் பிள்ளைக்கு ரோசிட்ஸ்காரர்கள் விஷம் வைத்தார்கள் என்று நம்புகிறாள். ஸில்வெஸ்டர் ஒருவர்தான் நம்ப மறுக்கிறார். ஆனால் ரூபர்ட்டின் தூதன் வார்வாண்டில் கொல்லப்படுகிறான். பதிலுக்கு, சமாதானம் பேசப் போன ஜெரோனிமஸ் ரோசிட்ஸில் அடித்துக் கொல்லப்படுகிறான். அதற்குப் பிறகு ஸில்வெஸ்டரும் வாளெடுக்கிறார். நாடகத்தில் எனக்கு மிகவும் வலித்த இடம் அது. நல்லவர் ஒருவர் பொறுமை இழக்கும்போது ரூபர்ட்டின் பொய்யான ஊகம் பின்தேதியிட்டு உண்மையாகிவிடுகிறது.

இதற்கு எதிராக க்ளைஸ்ட் வைப்பது ஒரு வாய்த் தண்ணீர். மலையில் ஒட்டோகர் நீட்டும் தண்ணீரை விஷம் என்றே நினைத்து ஆக்னெஸ் குடிக்கிறாள். அவள் நினைப்பது புரிந்ததும் அவனும் மிச்சத்தைக் குடிக்கிறான். ஆதாரம் கேட்டுக் கிடைப்பதல்ல நம்பிக்கை, ஆதாரம் வருவதற்கு முன்பே உடம்பைக் கொடுப்பது என்று இந்தக் காட்சி சொல்கிறது. பத்திரம் வேலை செய்வது இதற்கு நேர் எதிர்த்திசையில். எதிர்காலத்தில் நீ என்னை ஏமாற்றலாம் என்ற எண்ணத்தை முன்கூட்டியே எழுதி முத்திரை வைப்பது அது.

குறை இல்லாத நாடகமா? இல்லை. ஐந்தாம் அங்கம் தடுமாறுகிறது. குகையில் காதலர்கள் உடை மாற்றிக்கொள்ள, ரூபர்ட் ஆக்னெஸ் என்று நினைத்துத் தன் மகனையே குத்துகிறான். ஸில்வெஸ்டர் ஒட்டோகர் என்று நினைத்துத் தன் மகளையே கொல்கிறார். கண் தெரியாத தாத்தா ஸில்வியுஸ் தடவிப் பார்த்துத்தான் உண்மை வெளியே வருகிறது. பிறகு உர்சுலா என்ற கிழவி வந்து, பீட்டர் தண்ணீரில் மூழ்கிச் செத்தவன், மாந்திரீகத்துக்காக விரலை வெட்டியது நான்தான் என்கிறாள். க்ளைஸ்ட் இதை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியபோது, கேட்டவர்களும் அவரும் சேர்ந்து சிரித்ததில் வாசிப்பைத் தொடர முடியவில்லை என்று ட்ஷொக்கெ பதிவு செய்திருக்கிறார். தன் சகோதரி உல்ரிகெவிடம் இந்தப் புத்தகத்தைப் படிக்காதே என்று க்ளைஸ்ட்டே எழுதினார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் கடைசி அங்கத்தைத் தள்ளிவிட மாட்டேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ரூபர்ட்டின் மகன்கள் பீட்டரும் ஒட்டோகரும் இல்லை. ஸில்வெஸ்டரின் மகனும் மகளும் இல்லை. வைக் கிளையின் ஜெரோனிமஸும் இல்லை. மிஞ்சியவன் ரூபர்ட்டின் இன்னொரு மகன் யோஹான். அவன் முறையாகப் பிறந்த பிள்ளை இல்லை, போதாததற்குச் சித்தமும் கலங்கிவிட்டது. ஒரு கிளை அற்றால் மறு கிளைக்கு என்ற ஷரத்து இரு பக்கமும் ஒரே இரவில் நிறைவேறிவிட்டது. பெறுவதற்கு யாரும் இல்லை.

அப்பாக்கள் இருவரும் கைகோத்துக்கொள்கிறார்கள். அந்தச் சமாதானம் மலிவானது என்று விமர்சகர்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் காட்சியில் வந்த பத்திரத்தைப் பற்றிக் கடைசிக் காட்சியில் யாரும் வாயே திறப்பதில்லை. ஒருவரும் அதைக் கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. குற்றம் ஒரு கிழவியின் மூடநம்பிக்கை மேல் விழுகிறது, எல்லோரும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். விரலை வெட்டியது உர்சுலாதான். ஆனால் அந்த விரலைக் கொலையாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தது பத்திரம். அது இன்னமும் ஏதோ ஒரு பெட்டிக்குள் செல்லுபடியாகவே கிடக்கிறது.