குறத்தியின் ‘எங்கள்’: குற்றாலக் குறவஞ்சியில் நிலமும் பெயர்ச்சியும்

திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியை வேற்று மொழியில் தர முனைவோர், அதன் சந்தமும் சிலேடையுமே தமக்குத் தடை என்பர். அவற்றினும் எளிதாகத் தோன்றும் ஒரு மாற்றுப்பெயரே பெருந்தடை என்பது இக்கட்டுரையின் கருத்து. வசந்தவல்லி வேண்ட, சிங்கி தன் மலையின் வளத்தைப் பாடுகிறாள். அங்கே அவள் திரிகூட மலையை ‘எங்கள்’ மலை என்கிறாளேயன்றி ‘நம்’ மலை என்று கூறவில்லை.

தமிழில் ‘நாம்’ முன்னிலையாரை உளப்படுத்தும்; ‘நாங்கள்’ விலக்கும். இங்கே விலக்கப்படுபவள் அயலூராள் அல்லள். குற்றாலத் தெருவில் பந்தாடியவள்; குற்றாலநாதர் மீது காதல் கொண்டவள். அம்மலையின் அடிவாரத்திலேயே வாழும் அவளை நோக்கி, ஊர் ஊராகத் திரியும் குறத்தி, ‘மலை எம்முடையது, உம்முடையது அன்று’ என்னும் பொருள்படப் பேசுகிறாள். இது இயல்பு வழக்கே, இதில் உரிமைக்குரல் இல்லை என ஒருவர் மறுக்கலாம். ஒரு சொல்லை மட்டும் சான்றாகக் கொண்டால் அம்மறுப்பு வலுவுடையதே.

ஆயின் தொடர்ந்து வரும் பகுதியை நோக்குதல் வேண்டும். சிங்கி பிற மலைகளையும் உறவுமுறை கூறியே அறிமுகம் செய்கிறாள். கொல்லிமலை தங்கைக்கு உரியது, இமயம் தமையனுடையது, சுவாமிமலை மாமியுடையது. பழனிமலையைக் கணவனின் ‘காணி’ என்கிறாள். காணி என்பது பரம்பரை நிலவுரிமையைக் குறிக்கும் ஆட்சிச்சொல். ஊரார் ஆவணத்தில் எழுதிக்கொள்ளும் சொல்லை ஆவணமற்றவள் எடுத்தாள்வதில் நகைச்சுவை உண்டு. நகைச்சுவை மட்டும் இல்லை. பிறந்த வீடு, புகுந்த வீடு என மணவுறவு பரவும் வழியே அவளது நிலமும் விரிகிறது. பெயர்ந்து செல்வோர்க்கு நிலம் இல்லை என்னும் பொதுக்கருத்தை இந்நூல் ஏற்கவில்லை எனலாம்.

(இந்நூலுக்காகக் கவிராயர் பெற்ற நிலம் ‘குறவஞ்சி மேடு’ எனப்பட்டது என்பர். திரிபவளைப் பாடியவருக்குக் காணி கிடைத்தது.)

சிங்கனும் சிங்கியும் மீண்டும் சந்திக்கும் உரையாடல் இவ்வகையில் மிகச் செறிவானது. அவள் காலணிகளைக் கண்டு அவன் மருள்கிறான். சிலம்பு அவனுக்கு விரியன் பாம்பாகத் தெரிகிறது. சுண்டுவிரல் அணி சுருண்ட பூச்சியாகத் தெரிகிறது. அவளோ, சிலம்பு சேலத்து நாட்டில் குறிசொல்லிப் பெற்றது, விரலணி கண்டி தேசத்தில் பெற்றது என விளக்குகிறாள். அவன் கண்ணில் எல்லாம் காடு. அவள் உடலோ சென்று வந்த நாடுகளின் நிரல். நூல் தோன்றியது பதினெட்டாம் நூற்றாண்டில். அடுத்த நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் கூலிகளாகத் தமிழர் அழைத்துச் செல்லப்பட்டதும் அக்கண்டிச் சீமைக்கே. அவர்களுள் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோர் ஆயினர். பரிசு பெற்றுத் திரும்பிய சிங்கியின் பயணத்தோடு அதனை ஒன்றாக்கிப் பேசுதல் பொருந்தாது. இடப்பெயர் ஒன்றாயினும் பெயர்ச்சி வேறு.

ருக்மிணி தேவி 1944இல் கலாக்ஷேத்திராவில் இக்குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அமைத்தபின் இதற்கு அரங்கில் புதுவாழ்வு கிடைத்தது. அதன் பயனை மறுப்பதற்கில்லை. எனினும் இன்றைய ஆடல்களில் மலைவளப் பாட்டுக்குக் கையை அகல விரித்து அவையினரையும் சேர்த்துக் காட்டும் அபிநயத்தைக் காணும்போதெல்லாம் மனம் ஒப்புவதில்லை. கை ‘நம்’ என்கிறது. வாய் ‘எங்கள்’ என்கிறது. கையைத் தன் மார்பளவில் நிறுத்தி, நாயகியைச் சற்றே வெளியே நிற்க விட்டாலே போதும், பாட்டின் பொருள் துலங்கும்.

மொழிபெயர்ப்பாளர்க்கு அத்தகைய எளிய தீர்வு எல்லா மொழிகளிலும் வாய்க்காது. தெலுங்கில் ‘மா’ உண்டு. மலையாளத்தில் ‘ஞங்ஙளுடெ’ உண்டு. மராத்தியும் குஜராத்தியும் இவ்வேறுபாட்டைப் பேணுகின்றன. இன்றைய கன்னடத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அது இல்லை. அம்மொழிகளில் பன்மைப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் குறத்தியும் வசந்தவல்லியும் ஒரே மலையைப் பங்கிட்டுக்கொண்டவர் ஆகிவிடுவர். ‘என் குலத்தார் மலை’ என்னும் பொருள்பட முதலிலேயே பெயர்ப்பதே தக்கது. ஓசை சிறிது குறையும். ஆயினும் பின்னர் வரும் தங்கைக்கும் தமையனுக்கும் மாமிக்கும் அத்தொடரே வாயில் திறந்து வைக்கும்.