குட்டைத் தண்ணீரும் கைவானொலியும்

மலேசியாவின் பத்து காஜாவைச் சுற்றியுள்ள பழைய ஈயக்குட்டை ஒன்றில் கயாக்கைத் தள்ளி ஏறி உட்கார்ந்ததும் முதலில் மாறுவது ஓசைதான். லாரிச் சத்தம் பின்னுக்குப் போய், துடுப்பு தண்ணீருக்குள் நழுவும் ‘சளக்’ மட்டும் மிஞ்சும். தேர்ந்த கைக்குத் தெறிப்பே இருக்காது. தோளை முறுக்காமல் இடுப்பைத் திருப்பி இழுப்பார்கள். படகு கோடு கிழித்தாற்போல் நேரே போகும். கிந்தா இயற்கைப் பூங்கா இருக்கும் ஊர் இது, நாரைகளுக்குக் குறைவில்லை. அலுங்காமல் துடுப்பு போடுகிறவரைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவை மறுபடி மீனைத் தேடும்.

நடுக்குட்டையில் துடுப்பை மடியில் கிடத்தி, நீர் புகாத பையிலிருந்து அமெச்சூர் கைவானொலியை எடுத்தால் அடுத்த இன்பம். குமிழை மெல்லத் திருக, இரைச்சலுக்குள்ளிருந்து ‘நைன் மைக் டூ’ என்று அழைப்புக்குறியைத் தொடங்கி ஒரு குரல் எழும்பும். இந்த வானொலியின் இரண்டு மீட்டர் அலை பெரும்பாலும் நேர்ப்பார்வையில் செல்வது. சுண்ணாம்புக் குன்று குறுக்கே நின்றால் பேச்சு கரகரக்கும். சில சமயம் நாலு துடுப்பு தள்ளிப் போனாலே தெளிந்துவிடும். நல்ல அமெச்சூர் வானொலிக்காரர் முதலில் காதைத்தான் பழக்குகிறார். அலைவரிசையில் ஆள் இருக்கிறாரா என்று கேட்டு, பேசுகிறவர் முடித்தபின் ஒரு மூச்சு இடைவெளி விட்டு, பிறகே தம் அழைப்புக்குறியைச் சொல்வார். விடைபெறும்போது ‘செவன்டி த்ரீ’, அதாவது வாழ்த்து. தேர்வும் உரிமமும் உண்டுதான். ஆனால் இந்த நாகரிகம் கேட்டுக் கேட்டுப் படிவது. அவசரப்பட்டால் கயாக் ஆடும், வானொலியில் இருவர் பேச்சும் சிதையும். பொறுமைக்கு உடனே கூலி கொடுக்கும் பொழுதுபோக்குகள் அதிகமில்லை. இவை இரண்டும் கொடுக்கின்றன.