லீவெ ஹ்யூகோ: கசேகோவின் அரசர்

தென் அமெரிக்காவில் டச்சுக் குடியேற்ற நாடாக இருந்த சுரினாம் விடுதலை பெற்ற நாள் 1975 நவம்பர் 25. அதற்குச் சரியாகப் பத்து நாள் முன்னர், ஆம்ஸ்டர்டாமில் பாடகர் லீவெ ஹ்யூகோ இறந்துபோனார். வயது 41. பரமாரிபோவில் 1934-இல் பிறந்த அவருடைய முழுப்பெயர் ஜூலியஸ் தியோடோர் ஹ்யூகோ ஆய்ட்டர்லோ. கசேகோ என்ற சுரினாம் இசையைப் பாடிய அவரை ரசிகர்கள் 'கசேகோவின் அரசர்' என்றார்கள். ஒரு நாடு தன் கொடியை ஏற்றுவதற்கு முன்பே தன் குரலைக் கண்டெடுத்திருந்தது என்றால், அந்தக் குரல் இவருடையது.

அவர் பாடியது ஸ்ரனான் டோங்கோ மொழியில். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள், கரும்புத் தோட்டங்களில் ஒருவரோடொருவர் பேச உருவாக்கிக்கொண்ட மொழி அது. 1863 ஜூலை 1-இல் அடிமை முறை ஒழிந்தது. ஆனாலும் விடுதலையானவர்கள் மேலும் பத்தாண்டு அரசின் கண்காணிப்பில் அதே தோட்டங்களில் உழைக்க வேண்டியிருந்தது. மொழிக்கு விடிவு வர இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் ஸ்ரனான் பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை கிடைத்தது. அம்மொழியின் மானத்துக்காகக் கூண்டர்ஸ் என்ற ஆசிரியர் 1946 முதல் பத்தாண்டு 'ஃபூட்டுபோய்' இதழை நடத்தினார். கவிஞர் டிரெஃபோசா 1959-இல் நாட்டுப்பண்ணில் ஸ்ரனான் வரிகளைச் சேர்த்தார். எழுத்தில் நடந்த இந்தப் போராட்டத்தைப் படிப்பறியாதவர் வாயிலும் கொண்டுசேர்த்தவை பாட்டுகள்.

கசேகோ இசையின் உயிர் ஸ்க்ராச்சி என்ற முரசில் இருக்கிறது. பெரிய முரசு, அதன் மேலே பொருத்திய ஒரு தட்டுத்தாளம். ஒரே ஆள் ஒரு கையால் தோலையும் மறு கையால் உலோகத்தையும் அடிக்கிறார். அதிர்வு வயிற்றில் இறங்கும்போதே கலீரென்ற ஓசை காதில் விழுகிறது. அதன் மேல் டிரம்பெட்டும் சாக்சபோனும் ஏறிக்கொள்கின்றன. பாடகர் ஓர் அடி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் கூடி மறுமொழி பாடுகிறார்கள். இந்த முறை கவினா என்ற பழைய முரசுப் பாட்டிலிருந்து வந்தது. ஊதுகருவிகள், வாத்தியக் குழுக்கள் வாசித்த 'பிகி போகு'விலிருந்து வந்தன. ஆப்பிரிக்க வழி வந்த, முரசொலியோடு நடக்கும் விந்தி வழிபாட்டைத் தடைசெய்த சட்டம் 1971 வரை நடைமுறையில் இருந்த நாடு அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான், முரசை நடுமேடையில் நிறுத்தியதன் பொருள் விளங்கும்.

ஆர்கெஸ்ட்ரா வாஷிங்டன் குழுவில் பாடிப் பெயரெடுத்த ஹ்யூகோ, பின்னர் நெதர்லாந்து சென்று ஹேப்பி பாய்ஸ் குழுவுடன் பாடினார். அங்கே போன முதல் சுரினாம் பாடகர் அவரல்ல. மாக்ஸ் வோய்ஸ்கி 1930-களிலேயே போய், லத்தீன் இசையாலும், பீன்ஸையும் சோற்றையும் பற்றிப் பாடிய டச்சுப் பாட்டாலும் அந்நாட்டாரைக் கவர்ந்தவர். அவருடைய மகனும் அதே வழியில் புகழ்பெற்றார். அவர்களைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. கறுப்பினக் கலைஞருக்கு அன்று திறந்திருந்த வாசல் அதுதான். ஆனால் வோய்ஸ்கி சுரினாமை டச்சுக்காரருக்கு அறிமுகம் செய்தார். ஹ்யூகோ சுரினாம்காரரைப் பார்த்தே பாடினார். எனக்கு இந்த வேறுபாடுதான் முக்கியமாகப் படுகிறது.

கேட்பதற்கு அங்கே ஆட்களும் இருந்தார்கள். நான்கு இலட்சத்தை எட்டாத மக்கள்தொகை கொண்ட நாட்டிலிருந்து 1975-இல் மட்டும் ஏறத்தாழ 40,000 பேர் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். குளிர்நாட்டு அடுக்குமாடி வீடுகளில் ஹ்யூகோவின் இசைத்தட்டு ஊரையே கூட்டிக்கொண்டு வந்தது. அதே ஆண்டில் சுரினாம் பாடகர் மாக்ஸ் நைமான் தன் 'காத்திபோ' தொகுப்பில், சோல் இசையின் உருக்கத்தோடு அடிமை வாழ்வின் நினைவைப் பாடினார்.

சுரினாம் இசையைப் பற்றி எழுதுவோர் பலர் ஆப்பிரிக்க வழி வந்த கிரியோல் மக்களின் இசையோடு நின்றுவிடுகிறார்கள். அது பெரிய குறை. 1873 ஜூன் 5-இல் 'லல்லா ரூக்' கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1916 வரை ஏறத்தாழ 34,000 இந்தியர்கள் அங்கே போனார்கள். போஜ்புரி வழி வந்த அவர்களுடைய பாட்டு பைட்டக் கானா. ஹார்மோனியம், டோலக், இரும்புக் கம்பியைத் தட்டி ஒலிக்கும் தந்தால் ஆகிய மூன்றே போதும். பாடகர் ராம்தேவ் சைத்து அதைச் சுரினாமுக்கு வெளியேயும் கரீபியன் இந்தியர் வீடுகளில் ஒலிக்கச் செய்தார். பாடகி திரௌபதி 1968-இல் கல்யாணப் பாட்டுகளை இசைத்தட்டில் பாடினார். பின்னாளில் டிரினிடாடில் வளர்ந்த சட்னி இசைக்கு இவர்கள் முன்னோடிகள். ஹ்யூகோவையும் சைத்துவையும் ஒரே வரலாற்றில் வைத்து எழுதாதவரை சுரினாம் இசையின் கதை பாதிக் கதையே.

ஹ்யூகோவுக்குப் பிறகு கசேகோ ஓயவில்லை. கார்லோ ஜோன்ஸ் தன் குழுவோடு பழைய சாக்சபோன் மரபைக் காத்தார். 2009-இல் டமாரு என்ற இளைஞரின் ஸ்ரனான் பாட்டு, டச்சுப் பாடகர் யான் ஸ்மிட்டுடன் இணைந்து பாடிய வடிவில் நெதர்லாந்து முழுவதும் ஒலித்தது. அடிபட்ட மொழி அடித்தவர்களின் வானொலியிலேயே வலம்வந்தது.

இந்த இசைக்குப் புதியவர்கள் ஹ்யூகோவின் 'பிளாக்கா ரோசு' பாட்டிலிருந்து தொடங்கலாம். முதல் தடவை சொற்களை விட்டுவிட்டு முரசை மட்டும் கேளுங்கள்; அடுத்த தடவை அவர் குரலைக் கேளுங்கள்.