கட்டடமும் நாட்குறிப்பும்

ஊரின் எழிலை வியப்பதோடு பயண இலக்கியம் நின்றுவிடலாமா? புதுச்சேரிக்குச் செல்வோர் பிரெஞ்சுப் பாணி மாளிகைகளையும் கடற்கரைச் சாலையையும் போற்றுவர். அரிக்கமேட்டின் உரோமானிய வணிகத்தையும் குறிப்பர். ஆயின், 1761இல் ஆங்கிலேயர் அந்நகரைக் கைப்பற்றித் தகர்த்தனர். இன்று காண்பது பெரும்பாலும் அதன்பின் எழுந்த நகரே.

அழிந்த நகரைக் காட்டுவது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736இல் தொடங்கிய அந்நூலில் கப்பல் வரவும் வணிகச் செய்தியும் உண்டு. 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட துயரும் உண்டு. பேச்சுவழக்கு மிகுந்த அதன் நடையைச் செப்பமற்றதெனச் சிலர் கூறலாம். அந்நடையே அதற்கு உயிர். துபாசியாக ஆளுநர் துய்ப்ளேக்சின் அருகிருந்து எழுதியதால், எளியோர் குரல் தாழ்ந்து ஒலிப்பதே அதன் குறை.

பேராக் மாணவர்க்கும் இதில் பாடம் உண்டு. பத்து காஜா அருகிலுள்ள கெல்லி மாளிகையை வருணித்து, அதனை எழுப்பிய தமிழ்த் தொழிலாளரை மறக்கும் கட்டுரை பாதிக் கட்டுரையே. பால்மரக் காடுகள் பல செம்பனையாக மாறிவிட்டன. லயன் வீடுகளும் மறைந்து வருகின்றன. அங்கு வாழ்ந்தோர் நினைவுகளை இன்று எழுதிவைக்காவிடில், நாளை காண வருவோர்க்குக் காட்ட ஒன்றும் இராது.